அரைப்பேர்

இன்றைக்கும் அரைப்பேர்.
மடுவத்து மேசையில் கணக்குப்பிள்ளை கேட்டார்:
"ஏன் பிந்தினீங்க?"
ஆறு என்றேன்.
அவர் 'காற்று' என்று எழுதினார்.

காற்று இல்லை, ஐயா.
காற்று நேற்றும் இதே காற்றுதான்.
வைகாசி பிறந்த நாள் முதல்
மேற்கே அணைக்கட்டிலிருந்து புறப்பட்டு
காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீளம் முழுக்க ஓடி வருகிறது.
வரும் வழியில் அலை சேர்க்கிறது.
அந்த அலை படகு விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்று
எங்களைப் பார்த்துவிட்டுப் போய்விடும்.
அதில் நாங்கள் வெற்றிலை மடித்திருக்கிறோம்.
பாக்கியரதி கூடையில் தலை சாய்த்துத் தூங்கியே இருக்கிறாள்.

நேற்று ராத்திரி நோர்வூட்டுக்கு மேலே எங்கோ மழை.
எங்கள் லயத்துத் தகரத்தில் ஒரு துளி விழவில்லை.
விடிந்தால்
கெகல்கமு ஓயா சாயத்தண்ணி நிறத்தில்
நீர்த்தேக்கத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது
கிழக்கிலிருந்து,
அலைக்கு நேர் எதிரே.

அலை எடுத்து வைத்த காலை
அடியில் ஓடும் தண்ணீர் பின்னுக்கு இழுத்தது.
முன்னது தயங்க, பின்னது வந்து நெருங்க,
பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது
முன்னால் ஒருத்தி நின்றுவிட்டால்
பின்னால் கூடைகள் இடிபடுமே,
அப்படி.
பரந்து கிடக்க இடமில்லை.
இடமில்லாதது எங்கே போகும்?
மேலே போனது.

ஒரு சாண் கீழே நின்றது
ஒரு சாண் மேலே வந்து
என் படங்கை இடுப்புவரை நனைத்தது.

இன்னொன்றும் பார்த்தேன்.
ஆற்று வாயில் குறுக்கே ஒரு கோடு, வெள்ளையாய்.
அலை எல்லாம் அதுவரை வந்து உடைந்தன.
அதற்கு அப்பால் அலையே இல்லை.
எண்ணெய் தேய்த்தது போல வழுவழுவென்று
பழுப்புத் தண்ணீர்,
அவ்வளவு வேகமாய்,
அவ்வளவு சத்தமில்லாமல்.

குணபால படகின் மூக்கை அலைக்குக் காட்டிப் பிடித்தார்.
யாரும் சாமி பெயர் சொல்லவில்லை, வாய் காய்ந்திருந்தது.
பிறகு மெல்லப் பின்வாங்கி
ஏறின கரையிலேயே எங்களை இறக்கிவிட்டார்.
பாலத்தைச் சுற்றி மூன்று மைல்.
நனைந்த படங்கு என்ன கனம் தெரியுமா?
அதை நிறுக்க மடுவத்தில் தராசு இல்லை.

என் தம்பி விஜயரூபன் எண்ணெய்க் கப்பலில் சமையல்.
போன மாதம் ஆப்பிரிக்காவின் அடிமுனையிலிருந்து
குரல் அனுப்பியிருந்தான்:
"அக்கா, இங்க கடலுக்குள்ள ஒரு ஆறு ஓடுது, கரையில்லாத ஆறு.
தென்மேக்க இருந்து வர்ற அலை அதுல முட்டினா
கப்பலுக்கு முன்னால பள்ளம் விழுது.
பள்ளத்துக்கு அந்தப் பக்கம் சுவரு.
சோத்துச் சட்டி கூரையில அடிச்சிச்சு."
நான் பதில் அனுப்பினேன்:
இங்கேயும் உண்டு, உன்னுடையதில் ஓர் இணுக்கு.
சோறு மட்டும் கொட்டவில்லை,
சம்பளத்தில் பாதி கொட்டியது.

மார்கழியில் காற்று திரும்பும்.
அப்போது ஆறும் காற்றும் ஒரே திசை.
அலை காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும்,
ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவே ஒரு படகு கொள்ளும்.
அந்த நாட்களில் முன்கூட்டியே போய்
மடுவம் திறக்கக் காத்திருப்போம்.
ஆறு உதவியது என்று
எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதுவதில்லை.

அதனால்தான் இன்றைக்கு விடவில்லை.
காற்றை வெட்டுங்கள், ஆறு என்று எழுதுங்கள் என்றேன்.
"காரணத்துக்குப் போட்ட கட்டம் சின்னது" என்றார்.
காற்றைவிட ஆறு சின்னச் சொல்தானே என்றேன்.
பின்னால் பாக்கியரதி சிரித்தாள்,
பல் தந்தியடிக்க.

கணக்குப்பிள்ளை பேனாவை எடுத்தார், யோசித்தார்,
மூடி வைத்தார்.
"ஆறுன்னு எழுதினா
ஆறு மணின்னு நெனப்பாங்க, தொரைமாரு."